2147483647 பகா எண்தானா? நாமே நிரூபித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கணினியோடு கொஞ்சம் பழகியவர்கள் 2147483647 என்ற எண்ணை எங்காவது பார்த்திருப்பார்கள். 32 பிட் முழு எண்ணில், குறிக்கு ஒரு பிட் போக, எழுத முடிகிற மிகப் பெரிய மதிப்பு இதுதான். டேட்டாபேஸில் ஐடி வரிசை இங்கே வந்து முட்டிக்கொண்டு நிற்கும். 1970 ஜனவரி 1-இலிருந்து விநாடிகளை 32 பிட்டில் எண்ணிவரும் பழைய யுனிக்ஸ் கடிகாரங்களும் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு, இதே எண்ணைத் தொடும்.

அந்தக் கவலையைக் கணினிக்காரர்களிடம் விட்டுவிடலாம். நம் அக்கறை வேறு: இது ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணும் இதை மீதியின்றி வகுக்காது. 1772-இல் லியோனார்டு ஆய்லர் என்ற சுவிஸ் கணிதர் இதை நிரூபித்தார். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இதுவே இருந்தது. 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர், இதிலிருந்து பிறக்கும் செவ்விய எண்ணைவிட (தன்னைத் தவிர்த்த வகு எண்களின் கூட்டுத்தொகை தானாகவே இருக்கும் எண்; படி 7-இல் பார்ப்போம்) பெரிதாக ஒன்றை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயன் இல்லாத வேலைக்கு யார் மெனக்கெடுவார்கள் என்கிற தொனியில் எழுதிவைத்தார். பாவம், அவருக்குக் கணினி தெரியாது.

ஆய்லர் செய்ததை நாமும் செய்து பார்க்கலாம். பள்ளிக் கணக்கு, ஒரு கால்குலேட்டர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் பின்பாதி சுலபம்.

படி 1: எண்ணின் வடிவத்தைப் பிடியுங்கள்

பத்து இலக்கமாகப் பார்த்தால் இந்த எண்ணில் சிறப்பாக எதுவும் தெரியாது. 2-இன் அடுக்காகப் பாருங்கள். 2¹⁰ = 1024. அதை மூன்று முறை பெருக்கினால் 2³⁰ = 1073741824. இரட்டித்து 1-ஐக் கழித்தால் நம் எண் வந்துவிடும்:

2³¹ − 1 = 2147483647

இரும எண்ணாக எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள். இப்படி 2-இன் அடுக்கிலிருந்து 1 குறைந்து நிற்கும் எண்களை மெர்சென் எண்கள் என்பார்கள். மாரன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல், எந்தெந்த அடுக்குக்குப் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 31 இருந்தது, அது சரி. 67, 257 இரண்டும் இருந்தன, அவை தவறு. 61, 89, 107 இருந்திருக்க வேண்டும், இல்லை. அடித்துச் சொல்வதற்கும் நிரூபிப்பதற்கும் உள்ள தூரம் இந்தப் பட்டியலிலேயே தெரிகிறது.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் மேலே போகவே வேண்டாம். உதாரணமாக 2¹⁵ − 1-ஐ 2³ − 1-உம் 2⁵ − 1-உம் வகுத்துவிடும். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு, உத்தரவாதம் கிடையாது: 11 பகா எண், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த 2047-ஐ மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு சோதனையையும் முதலில் இதன் மேல் ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.

இனி வரும் எல்லாவற்றுக்கும் வேர் ஒரே வரிதான்: 2³¹-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1.

படி 2: நேர்வழியில் எவ்வளவு வேலை என்று பாருங்கள்

ஓர் எண்ணுக்குக் காரணி இருந்தால், அதன் வர்க்கமூலத்துக்குள் ஒன்றாவது இருந்தாக வேண்டும். 2147483647-இன் வர்க்கமூலம் 46340.95. ஆக 46340 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை ஏறக்குறைய 4800. கணினிக்கு இது கண் இமைக்கும் வேலை. கையால் செய்தால் மாதக்கணக்கில் ஆகும். நடுவில் ஒரு வகுத்தல் பிசகினாலும் தெரியாது.

படி 3: வேண்டாத எண்களை வடிகட்டுங்கள்

ஆய்லரின் சாமர்த்தியம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாமல் படியுங்கள்.

ப என்ற ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐ ப-ஆல் வகுக்கும்போது மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று அடுக்குகளை எழுதிக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ப-ஆல் வகுத்து மீதியை மட்டும் குறித்து வாருங்கள். மீதிகள் ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப வரும். முதன்முதலில் மீதி 1 வரும் அடுக்குதான் சுற்றின் நீளம். 31-ஆவது அடுக்கிலும் 1 வருகிறது என்றால் சுற்றின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் ஆகையால் நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2-ஐ வகுத்த மீதியே 1 என்றாகும், அது நடக்காது. எனவே சுற்றின் நீளம் சரியாக 31.

ஃபெர்மாவின் சிறு தேற்றம் இன்னொன்று சொல்கிறது: ப ஒற்றைப்படைப் பகா எண் என்றால், 2-இன் (ப − 1)-ஆவது அடுக்கும் மீதி 1 தரும். ஆக (ப − 1)-ஐயும் 31 வகுக்க வேண்டும். (ப − 1) இரட்டைப்படை என்பதால் 62-உம் வகுக்கும். அதாவது, க ஏதோ ஒரு முழு எண் என்றால்,

ப = 62க + 1

2047-இல் சரிபார்ப்போம். அங்கே அடுக்கு 11, எனவே காரணிகள் 22க + 1 என்று இருக்க வேண்டும். 23 = 22 + 1. 89 = 88 + 1. பொருந்துகிறது.

இதுவே எண்ணிக்கையை நன்றாகக் குறைத்துவிடும். ஆய்லர் இதோடு நிற்கவில்லை. 2³¹ மீதி 1 தந்தால் 2³² மீதி 2 தரும். 2³² என்பது 65536-இன் வர்க்கம். அதாவது ப-ஆல் வகுத்து மீதி பார்க்கும் உலகத்தில் 2-க்கு ஒரு வர்க்கமூலம் இருக்கிறது! அப்படி 2-க்கு வர்க்கமூலம் உள்ள ஒற்றைப்படைப் பகா எண்கள் எல்லாம் 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தருபவை என்பது எண்கோட்பாட்டில் நன்கு நிறுவப்பட்ட விதி. (23-க்கு மீதி 7, 89-க்கு மீதி 1. மறுபடியும் பொருந்துகிறது.)

இரண்டு நிபந்தனைகளையும் சேர்ப்போம். 62க + 1 வரிசையில் 1, 63, 125, 187, 249 என்று எழுதி 8-ஆல் வகுத்தால் மீதிகள் 1, 7, 5, 3, 1. நான்கு எண்களுக்கு ஒருமுறை இதே வரிசை திரும்பும். 5, 3 வருபவற்றைத் தள்ளிவிடலாம். எஞ்சுவது இரண்டே வடிவங்கள்:

248ந + 1
248ந + 63

46340-க்குள் முதல் வடிவத்தில், 1-ஐ விட்டுவிட்டால், 186 எண்கள். இரண்டாவதில், பகா எண் அல்லாத 63-ஐ விட்டுவிட்டால், அதுவும் 186. மொத்தம் 372. அவற்றிலும் பகு எண்களை நீக்கினால் மிஞ்சுபவை சுமார் 80. மாதக்கணக்கில் ஆகியிருக்கும் வேலை ஓரிரு நாளுக்குள் அடங்கிவிட்டது.

இந்த வடிகட்டி வெறும் அலங்காரம் இல்லை. கட்டால்டி என்ற இத்தாலியர் 2²⁹ − 1 பகா எண் என்று சொல்லியிருந்தார். ஆய்லர் 1738-இல் அதன் காரணிகளைக் காட்டினார்: 233 × 1103 × 2089. மூன்றுமே 58-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை, 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 தருபவை. வகுத்துப் பாருங்கள்.

படி 4: வகுத்துத் தீர்த்துவிடுங்கள்

வடிகட்டியில் தங்கும் முதல் மூன்று பகா எண்கள் 311, 1303, 1489. நம் எண்ணை இவற்றால் வகுத்தால் மீதி முறையே 35, 226, 199. எதுவும் பூச்சியம் இல்லை.

பத்து இலக்க எண்ணை நேரடியாக வகுக்க வேண்டிய தேவைகூட இல்லை. 311-ஐ எடுத்துக்கொள்வோம். 2⁸ = 256; இதை −55 என்று வைத்துக்கொண்டால் கணக்கு சிறிதாகும். வர்க்கப்படுத்தினால் 3025, அதிலிருந்து 311-இன் மடங்கைக் கழித்தால் −85. இது 2¹⁶-க்கு. இரண்டையும் பெருக்கினால் 4675, மீதி 10. இது 2²⁴-க்கு. இன்னும் ஏழு முறை இரட்டிக்க வேண்டும்: 10 × 128 = 1280, மீதி 36. அது 2³¹-இன் மீதி. 1 கழித்தால் 35.

மற்றவற்றையும் இதே மாதிரி ஓட்டிக்கொண்டே போகலாம். எங்கும் 0 வராது. கடைசி எண்ணும் முடிந்தால் நிரூபணம் முடிந்தது. இந்த முடிவை ஆய்லர் பெர்னூலி குடும்பத்துக் கணிதர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார்.

படி 5: குறுக்குவழிச் சோதனையும் அதிலுள்ள பொறியும்

இணையத்தில் பகா எண் சோதனை என்று தேடினால் பெரும்பாலும் ஃபெர்மா சோதனைதான் கிடைக்கும்: 2-ஐ எடுத்து, சோதிக்கும் எண்ணிலிருந்து 1 குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து மீதி பாருங்கள், மீதி 1 வராவிட்டால் பகு எண், வந்தால் அநேகமாகப் பகா எண். பைத்தானில் பவ் (pow) செயற்கூறுக்கு அடி, அடுக்கு, வகுக்கும் எண் என்று மூன்று மதிப்புகளைக் கொடுத்தால் இதை நொடியில் செய்துவிடும்.

நம் எண்ணுக்கு மீதி 1 வருகிறது. சந்தோஷப்பட வேண்டாம். 2047-க்கும் 1-தான் வரும்! அது 23 × 89 என்று நமக்கே தெரியும்.

காரணம் படி 1-இன் வரியில் இருக்கிறது. 2¹¹-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1. 2046 என்பது 11-இன் மடங்கு, 11 × 186. ஆகவே 2-இன் 2046-ஆவது அடுக்கும் தானாகவே மீதி 1 தந்துவிடும். இங்கே எண் பகாவா என்ற கேள்விக்கே இடமில்லை. பகா அடுக்கு கொண்ட எந்த மெர்சென் எண்ணிலும் இதே கதைதான். 2-ஐ வைத்துச் சோதித்தால் அத்தனையும் பாஸ். 2-ஐ அடியாகக் கொண்ட, ஃபெர்மா சோதனையைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையையும் ஏமாற்றும் மிகச் சிறிய எண் இதே 2047 என்பது இன்னொரு கொசுறு.

அப்போது 3-ஐ எடுங்கள். 3-ஐ 2147483646 அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. பாதி அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 2147483646, அதாவது −1. பகா எண் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனாலும் இது சாட்சிதான், தீர்ப்பு இல்லை. 91-ஐப் பாருங்கள்: 7 × 13. ஆனால் 3⁶ = 729-ஐ 91-ஆல் வகுத்தால் மீதி 1; 90-ஐ 6 வகுக்கிறது; எனவே 3-ஐ வைத்துச் செய்யும் ஃபெர்மா சோதனையில் 91-உம் தப்பிவிடும்.

படி 6: லூக்கா–லேமர் சோதனை

மெர்சென் எண்களுக்கு மட்டுமே வாய்த்த வரம் இது. சந்தேகம் எதுவும் மிச்சம் வைக்காது. எதுவார் லூக்கா 1878-இல் உருவாக்கியதை டெரிக் லேமர் 1930-இல் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தார். செய்முறை மூன்றே வரி:

4-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, 2 கழித்து, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் செய்த பிறகு 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண்.

முதலில் 31-இல் பார்ப்போம் (2⁵ − 1, எனவே மூன்று தடவை). 4; பிறகு 14; பிறகு 194, மீதி 8; பிறகு 64 − 2 = 62, மீதி 0. சரி.

2047-க்கு ஒன்பது தடவை: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் 0 இல்லை. ஃபெர்மா சோதனையில் தப்பிய எண் இங்கே மாட்டிக்கொண்டது.

2147483647-க்கு 29 தடவை. வரிசை இப்படிப் போகும்: 4, 14, 194, 37634, 1416317954, 669670838, 1937259419, 425413602… நடுவில் உள்ளவை எந்த ஒழுங்கும் இல்லாமல் தாவிக்கொண்டிருக்கும். 27-ஆவது தடவை 1181536708. 28-ஆவது தடவை திடீரென்று 65536. அதை வர்க்கப்படுத்தினால் 2³², மீதி 2, அதில் 2 கழித்தால் 0. முடிந்தது. படி 3-இல் 2-இன் வர்க்கமூலமாக வந்த அதே 65536 இங்கே எட்டிப்பார்ப்பது எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் பிடித்த இடம்.

கணக்குப் போடும்போது கவனிக்க வேண்டியவை சில. எக்செல் போன்ற விரிதாள்களில் இதைச் செய்யாதீர்கள். அவை 15 இலக்கம் வரைதான் துல்லியம் காக்கும், பத்து இலக்க எண்ணின் வர்க்கமோ 19 இலக்கம் வரை போகும். சத்தமே இல்லாமல் தப்பான விடை வரும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்களிலும் அதே ஆபத்து. பைத்தானில் பயம் இல்லை. சி மொழியில் 64 பிட் முழு எண் போதும், ஏனென்றால் வர்க்கம் 2⁶²-ஐத் தாண்டாது. உங்கள் நிரல் சரியா என்று பார்க்க, ஐந்தாவது தடவையில் 669670838 வருகிறதா என்று பாருங்கள். அதற்கு முன் வரும் நான்கு மதிப்புகளில் மீதி எடுக்கும் வேலையே வராததால், அவை சரியாக இருப்பதை வைத்து நம்பிவிட முடியாது.

வகுத்தலையும் தவிர்க்கலாம். 2³¹-இன் மீதி 1 என்பதால், பெரிய எண்ணின் இரும வடிவில் கடைசி 31 பிட்டுகளை வெட்டி, மேலே மிச்சமிருப்பதோடு கூட்டினால் மீதி கிடைத்துவிடும். கூட்டுத்தொகை 31 பிட்டைத் தாண்டினால் இன்னொரு முறை வெட்டிக் கூட்டுங்கள். எல்லா பிட்டும் 1 ஆக வந்து நின்றால் அதை 0 என்று கொள்ள வேண்டும்.

2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற, 41024320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணும் இதே பாதையில்தான் வந்தது: முதலில் 3-ஐ வைத்து ஃபெர்மா சோதனை, பிறகு உறுதிப்படுத்த லூக்கா–லேமர்.

படி 7: பகா எண் என்று தெரிந்த பிறகு

இப்போதுதான் விளையாட்டு சூடு பிடிக்கிறது.

முதலில் சுலபமான ஒன்று. 2³⁰ × 2147483647 = 2305843008139952128 ஒரு செவ்விய எண்: தன்னைத் தவிர்த்த வகு எண்களை எல்லாம் கூட்டினால் அதே எண் திரும்ப வரும். 6, 28, 496 என்று போகும் வரிசையில் இது எட்டாவது. பார்லோ பேசியது இதைப் பற்றித்தான்.

அக்கம்பக்கம் பார்த்தால் 2147483649 = 3 × 715827883. அந்த 715827883-உம் பகா எண். 2147483645 ஐந்தால் வகுபடும். ஆகவே நம் எண்ணுக்கு இரட்டைப் பகா எண் துணை (2 மட்டும் தள்ளி நிற்கும் பகா எண்) கிடையாது. முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659.

வர்க்கமூலம் எடுப்பதும் இங்கே சுலபம். நம் எண்ணோடு 1 கூட்டி 4-ஆல் வகுத்தால் 2²⁹. ஓர் எண்ணுக்கு இந்த மீதி உலகத்தில் வர்க்கமூலம் இருந்தால், அதை 29 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தினால் வர்க்கமூலம் வந்து நிற்கும். வர்க்கப்படுத்தி வர்க்கமூலம்! நம்பிக்கை வராவிட்டால் 31-இல் சோதியுங்கள். அங்கே மூன்று முறை போதும். 5 → 25 → 5 → 25. 25-இன் வர்க்கம் 625, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 5.

நடைமுறையில் அதிகம் பயன்பட்டது வேறொரு குணம். ஒன்று குறைத்தால் 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. காரணிகள் எல்லாம் சிறியவை, எனவே எந்த எண்ணின் சுற்று எவ்வளவு நீளம் என்று கண்டுபிடிப்பது எளிது. 2-இன் சுற்று 31 மட்டுமே என்று பார்த்தோம். 7-இன் சுற்றோ 2147483646. அதாவது 7-இன் அடுக்குகள் 1 முதல் 2147483646 வரை ஒரு மீதியையும் விடாமல் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். இந்தக் குணம் உள்ள மிகச் சிறிய எண் 7. அதன் ஐந்தாவது அடுக்கு 16807-க்கும் இதே குணம் உண்டு, ஏனென்றால் 2147483646-ஐ 5 வகுக்காது. ஒரு எண்ணை 16807-ஆல் பெருக்கி 2147483647-ஆல் வகுத்து மீதி எடுத்துக்கொண்டே போனால், தாறுமாறாகத் தெரியும் எண்கள் வரிசையாகக் கிடைக்கும். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்த சமவாய்ப்பு எண் உற்பத்தி முறை இதுதான்; சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. 1-இல் தொடங்கி 10000 முறை செய்தால் 1043618065 வர வேண்டும் என்று சோதனை விடையையும் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். கடவுச்சொல், பணப் பரிமாற்றம் போன்றவற்றுக்கு மட்டும் இதை எடுக்காதீர்கள். ஒரு மதிப்பு தெரிந்தாலே அடுத்த எல்லா மதிப்புகளும் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. 5 பகா எண். 2⁵ − 1 = 31, பகா எண். 2³¹ − 1, அதுவும் பகா எண். அப்படியானால் 2-ஐ 2147483647 அடுக்குக்கு உயர்த்தி 1 கழித்தால்? அதற்கு 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அது பகு எண். 295257526626031 என்ற காரணி தெரியவந்திருக்கிறது. படி 3-ஐ இதன் மேல் பொருத்திப் பாருங்கள்: அங்கே 62க + 1 என்றால் இங்கே 2 × 2147483647 × க + 1. க = 68745 என்று போட்டால் சரியாக இந்த எண் வரும். 8-ஆல் வகுத்தால் மீதி 7. பைத்தானின் பவ் செயற்கூறுக்கு 2, 2147483647, 295257526626031 என்று மூன்றையும் கொடுத்து என்டரைத் தட்டுங்கள், 1 என்று வரும்.